27 டிகிரிக்கு என்ன பயம்?

டேட்டா சென்டர்களின் மின்சாரம், தண்ணீர், வெப்பம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்

கே: டேட்டா சென்டர் என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள். — பட்டுக்கோட்டை

ப: மின்சாரத்தை வாங்கி, கணக்குப் போட்டு, வெப்பமாக வெளியே விடும் கட்டடம். உள்ளே போகும் ஒவ்வொரு யூனிட்டும் கடைசியில் வெப்பம்தான். அந்த வெப்பத்தை வெளியேற்ற இன்னும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். அந்த ‘இன்னும் கொஞ்சம்’ எவ்வளவு என்பதில்தான் நடத்துபவரின் திறமை தெரியும்.

கே: உலக மின்சாரத்தையே இவை விழுங்கிவிடும் என்கிறார்களே, உண்மையா? — விருத்தாசலம்

ப: உலகக் கணக்கில் இன்னும் சின்னப் பங்குதான். சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீட்டில், 2024ல் டேட்டா சென்டர்கள் செலவழித்தது சுமார் 415 டெராவாட் மணி. நம் கணக்கில் 41,500 கோடி யூனிட். உலக நுகர்வில் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். 2030ல் இது 945 டெராவாட் மணியைத் தொடும் என்பது அவர்கள் கணிப்பு.

ஆனால், உலகச் சராசரி எந்த ஊர் துணைமின் நிலையத்துக்கும் ஆறுதல் தராது. கடலடி கேபிள் கரையேறும் இடம், நிலம், மின் இணைப்பு மூன்றும் கூடிவரும் இடத்தில்தான் இவை கொத்தாக முளைக்கின்றன. அயர்லாந்தைப் பாருங்கள். 2015ல் அந்த நாட்டு மின்சாரத்தில் 5 சதவீதம் எடுத்தவை, 2023ல் 21 சதவீதம் எடுத்தன. நகர்ப்புற வீடுகள் அத்தனையும் சேர்ந்து எடுத்ததைவிட இது அதிகம். டப்ளினைச் சுற்றிப் புது மையங்களுக்கு இணைப்புத் தருவதையே நிறுத்திவைக்க வேண்டிய நிலை வந்தது. இத்தனைக்கும் அது குளிர்ந்த நாடு.

கே: ‘எங்கள் பி.யு.இ. 1.5’ என்று நிறுவனங்கள் பெருமையாகச் சொல்கின்றன. அது என்ன கணக்கு? — சேலம்

ப: மையம் வாங்கும் மொத்த மின்சாரத்தை, சர்வர்களுக்குப் போய்ச் சேரும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது. 1.5 என்றால் சர்வருக்கு 100 யூனிட் போக, குளிரூட்டல், யூபிஎஸ் இழப்பு, விளக்கு ஆகியவற்றுக்கு 50 யூனிட். 2007ல் அப்டைம் இன்ஸ்டிட்யூட் எடுத்த கணக்கில் சராசரி 2.5, அதாவது வேலைக்கு ஒரு பங்கு, வேலையைத் தாங்கிப் பிடிக்க ஒன்றரைப் பங்கு. அண்மை ஆண்டுகளில் அது 1.56, 1.58 என்று அங்கேயே நிற்கிறது. கூகுள் தன் மையங்களின் சராசரி 2024ல் 1.09 என்கிறது. 1க்குக் கீழே யாராலும் போக முடியாது. போனதாகச் சொன்னால் மீட்டரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கே: அப்படியானால் பி.யு.இ. குறையக் குறைய நல்ல மையம். சரிதானே? — அதே சேலம்

ப: சரியில்லை. இந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது என்பதற்கு இரண்டு கணக்குகள்.

ஒன்று: சர்வர்களுக்கு 1,000 கிலோவாட், மொத்தம் 1,500 கிலோவாட் எடுக்கும் மையம். பி.யு.இ. 1.5. யாருமே பயன்படுத்தாமல் சும்மா ஓடும் சர்வர்களைக் கண்டுபிடித்து 200 கிலோவாட்டை அணைக்கிறார் ஓர் அக்கறையுள்ள பொறியாளர். குளிரூட்டல் அதே விகிதத்தில் உடனே குறையாது. 60 கிலோவாட் குறைகிறது என்று வையுங்கள். இப்போது மொத்தம் 1,240, சர்வருக்கு 800. பி.யு.இ. 1.55! மிச்சமானதோ 260 கிலோவாட். ஆண்டுக்கு 22 லட்சம் யூனிட்டுக்கும் மேல். பி.யு.இ.யை மட்டும் பார்க்கும் மேலாளர் இந்தப் பொறியாளரிடம் விளக்கம் கேட்பார். பாராட்டியிருக்க வேண்டியவர் அவர்.

இரண்டு: அறையின் வெப்பநிலையை அளவு மீறி உயர்த்தினால் ஏசியின் சுமை குறையும், ஆனால் சர்வருக்குள் இருக்கும் குட்டி விசிறிகள் வேகமெடுக்கும். அந்த விசிறியின் மின்சாரம் ‘சர்வர் கணக்கில்’ சேர்ந்துவிடும். குளிரூட்டல் கணக்கு குறைந்து, சர்வர் கணக்கு அதைவிட அதிகமாகக் கூடி, பி.யு.இ. அழகாக இறங்கும். மின்கட்டணம் ஏறும்.

ஆகவே முதலில் மொத்த யூனிட்டைப் பாருங்கள். பி.யு.இ. அதற்குப் பிறகு.

கே: சும்மா ஓடும் சர்வர் அவ்வளவு மின்சாரம் எடுக்குமா என்ன? — தேனி

ப: எடுக்கும். கூகுளின் பரோசோவும் ஹோல்ஸ்லேயும் 2007ல் எழுதிய கட்டுரை இதைப் பளிச்சென்று காட்டியது. அன்றைய சர்வர்கள் எந்த வேலையும் செய்யாதபோதே உச்ச மின்சாரத்தில் பாதியளவு எடுத்தன. பெரும்பாலான நேரம் அவை ஓடியதோ 10 முதல் 50 சதவீதச் சுமையில். புதிய சர்வர்களில் இந்த வீணடிப்பு குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. ஒரு புராஜெக்ட் முடிந்து குழு கலைந்த பிறகும், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று விட்டுவைத்த பெட்டிகள் எல்லா நிறுவனங்களிலும் உண்டு. 2015ல் ஜொனாதன் கூமியும் ஜான் டெய்லரும் சுமார் 4,000 சர்வர்களை ஆராய்ந்ததில் 30 சதவீதம் ஆறு மாதமாக உருப்படியான வேலை எதுவும் செய்திருக்கவில்லை. அணைக்க ஆளில்லை, காரணம் அது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு பெயர், ஒரு பொறுப்பாளர், ஒரு முடிவுத் தேதி எழுதிவையுங்கள். இதைவிட மலிவான மின்சேமிப்புத் திட்டம் கிடையாது.

கே: நான் ஒரு டேட்டா சென்டரில் ஷிஃப்ட் பார்க்கிறேன். எங்கள் ஹால் 20 டிகிரி. ‘27 வரை போகலாம் என்று புத்தகத்தில் இருக்கிறது’ என்றால், ‘ஏதாவது ஆனால் நீ பதில் சொல்வாயா?’ என்கிறார்கள். நான் என்ன செய்ய? — அம்பத்தூர்

ப: முதலில், நீங்கள் சொல்வது சரி. ஆஷ்ரே என்ற குளிரூட்டல் பொறியாளர் அமைப்பு, சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்று 2008லிருந்தே பரிந்துரைக்கிறது. அந்த வரம்பை வகுத்த குழுவில் சர்வர் செய்யும் நிறுவனங்களின் ஆட்களே உட்கார்ந்திருந்தார்கள். இன்டெல் 2008ல் நியூ மெக்சிகோவில் 32 டிகிரி வரை வெளிக்காற்றிலேயே சர்வர்களை ஓட்டிப் பார்த்தது. பழுது விகிதம் 4.46 சதவீதம், அவர்களின் வழக்கமான மையத்தில் 3.83. உலகம் இடிந்துவிடவில்லை.

இரண்டாவது, உங்கள் மேலாளரின் பயத்திலும் நியாயம் உண்டு. நாளைக் காலை போய் தெர்மோஸ்டாட்டை 27க்குத் திருகிவிடாதீர்கள். பல ஹால்களில் 20 வைத்திருப்பதற்கு உண்மையான காரணம் சர்வருக்குக் குளிர் பிடிக்கும் என்பதல்ல. காற்று கண்டபடி அலைகிறது என்பதே. குளிர்காற்று கேபிள் ஓட்டைகள் வழியாக ஓடி, யாருக்கும் பயன்படாமல் ஏசிக்கே திரும்புகிறது. பின்பக்க வெப்பக்காற்று, சர்வர்களை அடுக்கிய ரேக்கின் தலைக்கு மேலே சுற்றிவந்து முன்பக்கம் நுழைகிறது. கீழே இருக்கும் சர்வர் 18லும் மேலே இருக்கும் சர்வர் 28லும் ஓடும். அந்த மேல் சர்வரைக் காப்பாற்ற ஹால் முழுவதையும் உறையவைக்கிறார்கள்.

அதனால் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். ரேக்கின் மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் சர்வரின் முகத்தருகே சென்சார் வையுங்கள். சுவரில் மாட்டிய தெர்மாமீட்டரை நம்பவேண்டாம். ரேக்கில் காலியாக இருக்கும் இடங்களை பிளாங்கிங் பேனலால் மூடுங்கள். ஃபால்ஸ் ஃப்ளோரில் (உயர்த்திய தரையில்) கேபிள் ஏறும் ஓட்டைகளை அடையுங்கள். குளிர்காற்று வரும் கோல்ட் ஐல், வெப்பக்காற்று போகும் ஹாட் ஐல் இரண்டையும் கதவும் கூரையும் போட்டுப் பிரியுங்கள். ரேக்கின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் வித்தியாசம் இரண்டு, மூன்று டிகிரிக்குள் வந்ததும், வாரம் ஒரு டிகிரி உயர்த்துங்கள். ஒவ்வொரு வாரமும் மொத்த கிலோவாட்டைக் குறித்துவையுங்கள். சர்வர் விசிறிகள் வேகமெடுத்து மொத்தம் ஏறத் தொடங்கினால், ஒரு டிகிரி இறங்கி நில்லுங்கள். அது 27 ஆக இருக்கவேண்டிய அவசியமில்லை. 25 ஆகவும் இருக்கலாம்.

காற்றின் வழியைச் சீராக்கினால் கிடைக்கும் பெரிய பரிசு ஏசி விசிறிகளில். விசிறியின் வேகம் 80 சதவீதமானால் அது எடுக்கும் மின்சாரம் பாதியாகிவிடும். வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப நடக்கும் கணக்கு இது. ஓடாமல் ‘ஸ்டாண்ட்பை’யில் ஒரு விசிறியை நிறுத்திவைப்பதைவிட, எல்லாவற்றையும் மெதுவாக ஓட்டுவது லாபம். ஏசிகளுக்குக் குளிர்நீர் தரும் சில்லரில் அந்த நீரின் வெப்பநிலையை உயர்த்தினால் கம்ப்ரசருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

உங்கள் மேலாளர் கேட்காமல் விட்டிருந்தாலும், ஒரு கேள்விக்குப் பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மின்தடை வந்து சில்லர் மறுபடி கிளம்பும்வரை சில நிமிடங்கள் ஆகும். 20ல் தொடங்குவதைவிட 26ல் தொடங்கினால் அந்த இடைவெளியில் சூடு வரம்பைச் சீக்கிரம் தொடும். ஏசி விசிறிகளையும் நீர் பம்புகளையும் யூபிஎஸ்சில் இணைத்து, குளிர்நீர்த் தொட்டி ஒன்றைச் சேமிப்பாக வைத்தால் அந்த நிமிடங்களைக் கடக்கலாம். இதை எழுதிக் கையில் கொண்டு போங்கள். ‘நீ பதில் சொல்வாயா?’ என்று மறுபடி கேட்டால், சொல்லலாம்.

கே: ஈரப்பதத்தை 50 சதவீதத்தில் நிறுத்தவேண்டும் என்று எங்கள் ஆடிட்டில் எழுதியிருக்கிறார்களே? — அதே துறையில் இன்னொருவர், சிறுசேரி

ப: பழைய விதி, ஆஷ்ரே அதை எப்போதோ தளர்த்திவிட்டது. 50லேயே நிற்கவைக்க முயன்றால் ஹாலின் ஒரு மூலையில் இருக்கும் ஏசி ஈரத்தை உறிஞ்சும், மறு மூலையில் இருப்பது ஈரத்தை ஊட்டும். ஒருத்தி துணியைப் பிழிய, இன்னொருத்தி அதன்மேலேயே தண்ணீர் ஊற்றுவதுபோல இரண்டும் ஆண்டு முழுவதும் மல்லுக்கட்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒரே கட்டுப்பாட்டைக் கொடுங்கள், வரம்பை அகலமாக வையுங்கள். கடற்கரை ஊர் என்பதால் உப்புக்காற்றை மட்டும் நேரடியாக உள்ளே விடாதீர்கள். அது சர்க்யூட் போர்டை அரிக்கும்.

கே: எங்கள் மில் அலுவலகத்தில் சின்ன சர்வர் ரூம். இரண்டு ஸ்பிலிட் ஏசி, 24 மணி நேரமும் 18 டிகிரி. குறைக்கலாமா? — பல்லடம்

ப: கூட்டலாம்! 24க்குக் கொண்டுபோங்கள். ஏசிக் காற்று சர்வரின் முன்பக்கம் விழுகிறதா, பின்பக்கம் விழுகிறதா என்று இன்றே பாருங்கள். பின்பக்கம் விழுந்தால் சர்வரைத் திருப்பிவையுங்கள். காசு செலவில்லாத வேலை. பிறகு, அந்த அறையில் எத்தனை பெட்டி உண்மையில் வேலை செய்கிறது என்று எண்ணுங்கள். மூன்று பழைய பெட்டிகளின் வேலையை ஒரு புதுப்பெட்டி செய்யும் என்றால் ஓர் ஏசியையே கழற்றிவிடலாம். இப்படிச் சின்ன அறைகளில் ஆகும் வீணடிப்பு, பெரிய மையங்களில் ஆவதைவிட விகிதத்தில் அதிகம். யாரும் அங்கே பி.யு.இ. அளப்பதில்லை என்பதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

கே: குளிர்நாட்டில் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததல்லவா? — நாகர்கோவில்

ப: பாதி தீரும். ஸ்வீடனின் லூலியோவில் ஃபேஸ்புக் 2013ல் திறந்த மையம் வெளிக்காற்றில் குளிர்கிறது, ஆற்று நீர்மின்சாரத்தில் ஓடுகிறது. பின்லாந்தின் ஹமினாவில் கூகுள் ஒரு பழைய காகித ஆலையை வாங்கி, கடல்நீரால் குளிர்விக்கிறது. ஆனால் உங்கள் ஊர் மளிகைக்கடையில் ஸ்கேன் செய்து காசு கட்டும்போது, பதில் பின்லாந்து போய் வந்தால் ஒவ்வொரு முறையும் தாமதம் கூடும். போதாததற்கு, பணப் பரிவர்த்தனைத் தரவுகளை இந்தியாவுக்குள்ளேயே வைக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018ல் உத்தரவிட்டது. வெப்பநாட்டுக்கு வேண்டியதை வெப்பநாட்டில்தான் செய்தாகவேண்டும்.

கே: வெப்பநாட்டில் உருப்படியாகச் செய்தவர்கள் யாராவது உண்டா? — சிராங்கூன், சிங்கப்பூர்

ப: உங்கள் ஊர்தான்! 2020ல் சிங்கப்பூர் மின்சாரத்தில் ஏறத்தாழ 7 சதவீதத்தை டேட்டா சென்டர்கள் எடுத்தன. ஒரு சின்னத் தீவுக்கு அது பெரிய சுமை. 2019லேயே அரசு புது மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தியது. 2022ல் திறந்தபோது, ‘யார் வேண்டுமானாலும் கட்டலாம்’ என்று திறக்கவில்லை. குறைந்த மின்சாரத்தில் ஓட்டுபவர்களுக்கே இடம் என்றது. 2023ல் வெப்பமண்டலத்துக்கென்றே ஒரு தரநிலையை வெளியிட்டது. 22 டிகிரியும் அதற்குக் கீழும் வைத்துப் பழகிய ஹால்களைப் படிப்படியாக 26க்கும் மேலே கொண்டுபோக வழிகாட்டும் தரநிலை அது. ஒவ்வொரு டிகிரிக்கும் குளிரூட்டல் மின்சாரத்தில் 2 முதல் 5 சதவீதம் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. 2024ல் மேலும் குறைந்தது 300 மெகாவாட்டுக்கு வழி திறந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது வரிசை. முதலில் நிறுத்தினார்கள், பிறகு நிபந்தனையோடு கொஞ்சம் திறந்தார்கள், பிறகு விதி எழுதினார்கள், கடைசியில் இன்னும் திறந்தார்கள். அந்த நிறுத்தத்தின்போது முதலீட்டில் ஒரு பகுதி பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போனது என்பதையும் சொல்லியாகவேண்டும். அண்டை ஊர்கள் சேர்ந்து யோசிக்காவிட்டால் ஒருவரின் கட்டுப்பாடு இன்னொருவரின் சுமையாகிவிடும்.

கே: தண்ணீர் எவ்வளவு செலவாகும்? சென்னை ஓ.எம்.ஆரில் குடியிருக்கிறேன், அதனால் கேட்கிறேன். — சோழிங்கநல்லூர்

ப: நீங்கள் கேட்கத்தான் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்தின் வெப்பத்தை நீரை ஆவியாக்கி வெளியேற்ற, ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் போகும். இது இயற்பியல், பேரம் கிடையாது. 1 மெகாவாட் சர்வர் சுமையின் முழு வெப்பத்தையும் கூலிங் டவரில் ஆவியாக்கினால் நாளொன்றுக்கு 35,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி மூன்று. உப்பு சேர்ந்த நீரை அவ்வப்போது வெளியேற்றுவது தனி. இன்றைய மையங்கள் பத்து, இருபது மெகாவாட்டில் வருகின்றன. பெருக்கிப் பாருங்கள்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குடிநீரையும் நிலத்தடி நீரையும் ஆவியாக்கி சர்வரைக் குளிர்விப்பதை நான் ஏற்கமாட்டேன். வேறு வழியும் இருக்கிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை மூன்றாம் நிலைவரை சுத்திகரித்து, ஆர்.ஓ. செய்து, தொழிற்சாலைகளுக்குத் தரும் நிலையங்கள் 2019லிருந்து இயங்குகின்றன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறன். புது மையத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே ‘இந்தக் குழாயில்தான் உங்கள் தண்ணீர்’ என்று எழுதிவிடலாம்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தி டால்ஸ் என்ற சிற்றூர். அங்கே கூகுள் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்பதை வணிக ரகசியம் என்று வெளியிடாமல் வைத்திருந்தார்கள். ஒரு செய்தித்தாள் விடாமல் கேட்டு, விவகாரம் நீதிமன்றம் வரை போய், 2022 கடைசியில் விவரம் வந்தது. ஊர் பயன்படுத்திய நீரில் கால் பங்குக்கும் மேல்! இங்கே அந்தச் சண்டைக்கே இடம் வைக்காமல், மாதாமாதம் லிட்டர் கணக்கைப் பலகையில் எழுதிப் போடச் சொல்லவேண்டும்.

கே: தண்ணீரே வேண்டாம், காற்றிலேயே குளிர்விக்கலாமே? — மறைமலைநகர்

ப: செய்யலாம், செய்கிறார்கள். மே மாதப் பகலில் மின்சாரம் கூடுதலாகப் போகும். அந்த மின்சாரம் நிலக்கரியில் வந்தால், அங்கே அனல்மின் நிலையம் தண்ணீர் குடிக்கும். பழைய அனல்மின் நிலையங்களுக்கு 2015ல் மத்திய அரசு வைத்த வரம்பே யூனிட்டுக்கு 3.5 லிட்டர். இடத்தை மாற்றினோமா, செலவைக் குறைத்தோமா என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மறுசுழற்சி நீர் கிடைக்கும் ஊரில் கூலிங் டவர், கிடைக்காத ஊரில் காற்று என்பதே என் கட்சி.

கே: ‘நூறு சதவீதம் பசுமை மின்சாரம்’ என்கிறார்கள். நம்பலாமா? — ஆரல்வாய்மொழி

ப: காற்றாலைக்கு நடுவில் குடியிருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா! ஆடியில் உங்கள் கணவாயில் அடிக்கும் காற்று மார்கழி இரவில் அடிப்பதில்லை. சர்வரோ ஆடியிலும் மார்கழியிலும் ஒரே மாதிரி ஓடும். ஆண்டு முழுதும் வாங்கிய காற்று, சூரிய யூனிட்டும், ஆண்டு முழுதும் செலவழித்த யூனிட்டும் சமம் என்றால் ‘நூறு சதவீதம்’ என்று எழுதிவிடுகிறார்கள். பொய்யில்லை, ஆனால் மார்கழி நள்ளிரவில் அந்த மையத்துக்கு வந்தது நிலக்கரி மின்சாரமாக இருக்கலாம். மணிக்கு மணி ஈடுகட்டுகிறீர்களா என்பதே சரியான கேள்வி. 2030க்குள் அப்படிச் செய்வோம் என்று கூகுள் 2020ல் இலக்கு வைத்தது. அது எவ்வளவு கடினம் என்பதை அவர்களின் ஆண்டறிக்கைகளே காட்டுகின்றன. நம் ஊரில் பகல் சூரியன், பருவக்காற்று, இரவுக்கு பேட்டரி மூன்றையும் சேர்த்து ஒப்பந்தம் போடும் மையத்துக்கு என் மரியாதை உண்டு. அவசரமில்லாத வேலையை, உதாரணமாக பேக்கப்பையும் ஏஐ பயிற்சியையும், வெயிலுள்ள நேரத்துக்கு நகர்த்தும் மையத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட.

கே: நான் ஏஐயிடம் ஒரு கேள்வி கேட்டால் எவ்வளவு மின்சாரம்? — கல்லூரி மாணவர், திண்டுக்கல்

ப: கூகுள் 2025 ஆகஸ்டில் சொன்ன கணக்கில், அதன் ஏஐயான ஜெமினியிடம் கேட்கும் நடுத்தரமான ஓர் எழுத்துக் கேள்விக்கு 0.24 வாட் மணி. வீட்டில் இருக்கும் 75 வாட் பழைய மின்விசிறி 12 விநாடிக்குள் செலவழிப்பது. படம், வீடியோ உருவாக்குவது இதில் சேராது. அவை எழுத்தைவிட அதிகம் கேட்கும். ஒரு கேள்விக்குக் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் கோடிக்கணக்கானோர், கேட்காமலேயே ஒவ்வொரு தேடலிலும் ஒவ்வொரு செயலியிலும் ஏஐ பதிலைப் பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதை அணைக்கும் பொத்தான் எங்கே என்று நிறுவனங்களைக் கேளுங்கள்.

கே: பழைய மெயில்களை அழித்தால் பூமிக்கு நல்லதா? — காரைக்குடி

ப: இன்பாக்ஸுக்கு நல்லது. 2025 வறட்சியில் இங்கிலாந்து அரசுத் தரப்பே இந்த யோசனையைச் சொன்னது. வட்டில் படுத்திருக்கும் கடிதம் எடுக்கும் மின்சாரம் மிகமிகச் சொற்பம். உங்கள் போனை இன்னும் இரண்டு ஆண்டு வைத்திருங்கள், அது பெரிய உதவி.

கே: ஏஐ வந்ததும் ஏசி எல்லாம் பத்தாது, சர்வருக்குள்ளேயே தண்ணீர் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மின்சாரமும் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்திலா? — ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், ஈரோடு

ப: உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனாலும் இது நம் ஊருக்கு வந்த நல்ல செய்தி என்று நான் நினைக்கிறேன். விவரமாகவே சொல்கிறேன்.

சாதாரண ரேக் 5 முதல் 10 கிலோவாட் எடுக்கும். என்விடியாவின் ஜிபி200 வகையில் 72 ஏஐ சிப்கள் அடங்கிய ஒரே ரேக் 120 கிலோவாட் எடுக்கும். அவ்வளவு வெப்பத்தைக் காற்றால் அள்ள முடியாது. ஒரே கன அளவில் காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். அதனால் சிப்பின் மேல் ஒரு செம்புத் தகட்டை வைத்து, அதற்குள் மூடிய குழாயில் நீரை ஓட்டுகிறார்கள். அந்த நீர் சுற்றிச்சுற்றி வருவது, ஆவியாவதில்லை. கசிவைக் கண்டுபிடிக்க சென்சார்களும், கசிந்தால் உடனே அடைக்கும் வால்வுகளும் உண்டு.

இதில் நமக்கு முக்கியமானது ஒன்று. சிப் 70, 80 டிகிரியில் இருக்கும்போது, அதைக் குளிர்விக்க வரும் நீர் குளிர்ந்திருக்க வேண்டியதில்லை. 40, 45 டிகிரி நீரே போதும். ஜெர்மனியில் மியூனிக் அருகே கார்ஷிங்கில் சூப்பர்மக் என்ற சூப்பர்கணினி 2012லேயே வெந்நீரில் குளிர்ந்தது. 45 டிகிரி நீர் என்றால், வெளியே 38 டிகிரி வெயில் அடித்தாலும் அந்த நீரை வெறும் விசிறியும் ரேடியேட்டரும் வைத்தே ஆறவைக்கலாம். சில்லர் வேண்டாம், கூலிங் டவர் வேண்டாம், டேங்கர் லாரி வேண்டாம்! ‘எங்கள் ஊர் வெயில், அதனால் மின்சாரம் கூடுதலாகத்தான் ஆகும்’ என்று இத்தனை நாள் சொன்ன சமாதானம் இந்த இடத்தில் உடைகிறது. உச்சவெயில் நாட்களுக்கு மட்டும் கொஞ்சம் துணைக்குளிரூட்டல் போதும். சென்னை 2003 மே மாதத்தில் 45 டிகிரியைத் தொட்ட ஊர் என்பதை மறக்காமல் வடிவமைக்கவேண்டும். 2022 ஜூலையில் லண்டன் 40ஐத் தொட்டபோது அங்கே கூகுள், ஆரக்கிள் மையங்களில் குளிரூட்டல் கைகொடுக்காமல் சேவை நின்றது.

புது மையம் கட்டுபவர்கள் இன்று பழைய பழக்கத்தில் 7 டிகிரி குளிர்நீர்க் குழாயைப் பதித்துவிட்டால், அது இருபது ஆண்டுக்கு மண்ணுக்குள் இருக்கும். அதுதான் என் கவலை.

கே: அந்த வெப்பத்தை வீணாக்காமல் பயன்படுத்த முடியாதா? — மயிலாடுதுறை

ப: டென்மார்க்கின் ஓடென்ஸேயில் மெட்டாவின் மைய வெப்பம் வீடுகளைச் சூடாக்குகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குக் கட்டிய நீச்சல் மையத்துக்குப் பக்கத்து டேட்டா சென்டர் வெப்பம் தருகிறது. 2026 ஜூலை முதல் திறக்கும் மையங்கள் தம் வெப்பத்தில் 10 சதவீதமாவது மறுபயன்பாட்டுக்குத் தரவேண்டும் என்று ஜெர்மனி 2023ல் சட்டமே போட்டது.

நம் ஊரில் வீட்டைச் சூடாக்க யாருக்கும் தேவையில்லை. ஆனால் கடலோரத்தில் ஒரு வழி உண்டு. குறைந்த வெப்பத்திலேயே வெற்றிடத்தில் கடல்நீரை ஆவியாக்கி நன்னீர் எடுக்கும் முறையை, தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வடசென்னை அனல்மின் நிலையத்தின் கழிவுவெப்பத்தில் 2009ல் செய்து காட்டியது. வெந்நீரில் குளிரும் ஏஐ மையம் ஒன்றைக் கடற்கரையில் வைத்து இதைச் சோதித்துப் பார்க்க ஐ.ஐ.டி. ஒன்று முன்வரவேண்டும் என்பது என் ஆசை.

கே: கடலுக்கடியிலேயே வைத்தால்? — தூத்துக்குடி

ப: மைக்ரோசாஃப்ட் 2018ல் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவருகே 864 சர்வர்களைக் கடலில் இறக்கி, 2020ல் தூக்கியது. பழுது, நிலத்தில் இருந்தவற்றில் எட்டில் ஒரு பங்கு. உள்ளே ஆளும் ஆக்சிஜனும் இல்லாததே காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஆனால் தொடரவில்லை. ஒரு சிப்பை மாற்றக் கப்பல் வேண்டும்.

கே: விண்வெளியில் குளிர்தானே, அங்கே வைக்கலாமே? — பள்ளி மாணவி, அரியலூர்

ப: நல்ல கேள்வி, கண்ணு. விண்வெளியில் குளிர் இருக்கிறது. வெப்பத்தை எடுத்துப்போகக் காற்று இல்லை. வெப்பம் கதிராகத்தான் வெளியேற வேண்டும். 50 டிகிரியில் இருக்கும் ஒரு சதுர மீட்டர் தகட்டின் ஒரு பக்கம் அதிகபட்சம் 600 வாட் போலக் கதிர்விடும். 1 மெகாவாட்டுக்கு எத்தனை சதுர மீட்டர் வேண்டும் என்று நீயே வகுத்துப் பார்.

கே: திறன் கூடக்கூடப் பயன்பாடும் கூடும் என்கிறார்களே. அப்படியானால் இத்தனை சேமிப்பும் எதற்கு? — பேராசிரியர், புதுச்சேரி

ப: 1865ல் பொருளியலாளர் ஜெவன்ஸ் நிலக்கரிக்குச் சொன்னது அது. சில காலம் அது பலிக்காமலும் இருந்திருக்கிறது. 2010 முதல் 2018 வரை டேட்டா சென்டர்கள் செய்த கணக்குவேலை ஆறரை மடங்கானது; மின்சாரம் கூடியது 6 சதவீதம்தான். எரிக் மசனெட் குழுவினர் 2020ல் சயன்ஸ் இதழில் காட்டிய கணக்கு இது. சின்ன அறைகளிலிருந்து பெரிய மையங்களுக்கு மாறியதும், ஒரே பெட்டியில் பல சர்வர்களை ஓட்டியதும் காரணம். அந்தச் சுலபமான லாபத்தைப் பெரும்பாலும் அறுவடை செய்தாயிற்று. இப்போது ஏஐ அதைத் தாண்டி ஓடுகிறது. ஆகவே திறன் மட்டும் போதாது, அளவுக்கும் ஒரு வரம்பு வேண்டும். அதைச் சந்தை தானாக வைக்காது. சிங்கப்பூரில் அரசு வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 500 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு மையமும் மின்சாரம், நீர், வெப்ப மறுபயன்பாடு எல்லாவற்றையும் கணக்குக் காட்டவேண்டும் என்று 2023ல் விதித்தது. தமிழ்நாடு 2021ல் டேட்டா சென்டர் கொள்கை வெளியிட்டு முதலீட்டை அழைத்தது, நல்லது. அடுத்த கொள்கையில் சலுகைக்கு ஈடாக இந்தக் கணக்கையும் கேட்டால், பேராசிரியர்களுக்கு ஊகிக்க வேண்டிய வேலை மிச்சம்.

கே: பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறேன். டேட்டா சென்டர் என்றால் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குத்தான் வேலையா? — வேலூர்

ப: உங்களுக்குத்தான் அதிக வேலை! சில்லர், பம்பு, விசிறி, வால்வு, டீசல் ஜென்செட் எல்லாம் உங்கள் பாடம். மூன்று விஷயங்களில் கை பழகுங்கள். சைக்ரோமெட்ரிக் சார்ட்டைப் பார்த்தவுடன் ஈரக்குமிழ் வெப்பநிலை சொல்லத் தெரியவேண்டும். வேகம் மாற்றும் டிரைவை பம்பிலும் விசிறியிலும் பொருத்தி, யூனிட் எவ்வளவு குறைந்தது என்று அளக்கத் தெரியவேண்டும். கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒரு வாரத்துத் தரவை எடுத்து, எந்த மணியில் எந்த ஏசி வீணாக ஓடியது என்று காட்டத் தெரியவேண்டும். கூகுள் 2016ல் டீப்மைண்டின் ஏஐயை வைத்துக் குளிரூட்டல் மின்சாரத்தை 40 சதவீதம் வரை குறைத்தது. அதற்கும் அடிப்படை, ஆயிரக்கணக்கான சென்சார்கள் ஒழுங்காக வேலை செய்ததுதான். உங்கள் கல்லூரி ஏசி லேபில் சென்சார் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிப்பதிலிருந்து தொடங்கலாம். இரண்டு டிகிரி தப்பாகக் காட்டும் சென்சார் கிடைத்தால் அதை மாற்றும் முன், அதனால் ஓராண்டில் எத்தனை யூனிட் வீணானது என்று கணக்குப் போட்டு, முதல்வரிடம் கொடுங்கள்.